மறைத்து வைத்த நோயை வெளியே எடுத்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும் வணக்கம்.

கடந்த தை மாதம், பாரியூர்க் கோயிலின் குண்டம் என்னும் தீமிதித் திருவிழா முடிந்த மறு வாரத்தில், கோவை மருத்துவமனை ஒன்றில் என் மலக்குடலில் இருந்த 4 சென்டிமீட்டர் அகலக் கட்டி, வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல், ரோபோ கருவியின் துணையோடு ஆசனவாய் வழியாகவே அகற்றப்பட்டது. ஊரில் பலருக்கு இது 'வயிற்றுக் கோளாறு' என்றே தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான். இம்மடலில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அனைவரும் அந்த உறுப்பின் பெயரைக் கூசாமல் சொல்லி என்னைக் காப்பாற்றியவர்கள்.

முதல் நன்றி, செவிலியராகப் பணிபுரியும் என் அக்காள் மகளுக்கு. ஓராண்டுக்கு மேலாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம்தான் என்று நானே முடிவு செய்து, துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகக் காலம் கடத்தினேன். நான் முதலில் பார்த்த மருத்துவரும் கை வைத்துப் பார்க்காமலேயே களிம்பு எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு வந்தவள் தனியே அழைத்து, "மாமா, ரத்தத்தோட சளியும் போகுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அம்பது வயசுக்கு மேல ரத்தம் போனா, உள்ள பாக்காம மூலம்னு சொல்லக் கூடாதுங்க மாமா" என்றவள், ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அந்த வாரமே நாள் வாங்கிவிட்டாள்.

ஆசனவாயிலிருந்து 7 சென்டிமீட்டர் உள்ளே, பின்பக்கச் சுவரில், காம்பு இல்லாமல் பாய்போலப் படர்ந்த பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதைக் கட்டி, ஒன்று தென்பட்டது. திசுப் பரிசோதனையில், இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, ஆனால் மாறும் நிலையை நெருங்கிவிட்டது என்று வந்தது. வேறோர் இடத்தில் கருத்துக் கேட்டபோது, மலக்குடலின் அப்பகுதியையே வெட்டி எடுத்துக் குடலை இணைக்க வேண்டும், தையல் ஆறும் வரை சில மாதங்கள் மலம் சேரும் பையை வயிற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்றிரவு நான் உறங்கவில்லை. ஆழமாக ஊடுருவிய புற்றுநோயென்றால் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால் அதுவே சரியான வழி என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன்.

எனக்கு அது தேவையா என்று பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சொன்ன கோவை அறுவை மருத்துவருக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மலக்குடலுக்குள் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டும் பார்த்து, கட்டி தசை அடுக்கைத் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகே, ஒரு தாளில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். ஜெர்மனியில் கெர்ஹார்ட் பூயெஸ் என்ற மருத்துவர் 1980களில் உலோகக் குழாய் ஒன்றை ஆசனவாயில் பொருத்தி, அதன் வழியே இத்தகைய கட்டிகளை எடுக்கும் முறையை உருவாக்கினார் என்றும், வயிற்றில் ஒரே துளை வழியே செய்யும் அறுவைக்கான மென்மையான வளையத்தை 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள் என்றும், ரோபோ அதன் அடுத்த படி என்றும் சொன்னார். "அது தானாக எதையும் அறுக்காதுங்க, என் கைதான் அறுக்கும், அது என் மணிக்கட்டை உள்ளே கொண்டுபோகும்" என்று அவர் சொன்ன விளக்கம் என் அச்சத்தைப் பாதியாகக் குறைத்தது.

கரியமில வாயுவால் மலக்குடலை விரித்து, பெருக்கிக் காட்டும் முப்பரிமாணக் கேமராவில் பார்த்தபடி, கட்டியைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவோடு, சுவரின் முழுத் தடிமனுக்கும் ஒரே துண்டாக எடுத்தார்கள். அந்தக் குறுகிய இடத்தில் அறுப்பதைவிடத் தையல் போடுவதே கடினம் என்றும், வளைந்து திரும்பும் ரோபோ கருவி அங்கேதான் கைகொடுக்கிறது என்றும் பின்னர் கேட்டறிந்தேன். மயக்க மருந்து கொடுத்த அம்மையாருக்கும் நன்றி.

நான் முகம் பார்க்காத ஒருவர் இருக்கிறார். எடுத்த துண்டு சுருங்கிவிடாமல் கார்க் பலகையில் விரித்துக் குண்டூசி குத்தி அனுப்பப்பட, அதன் ஓரங்களை மெல்லிய சீவல்களாக நறுக்கி, நுண்ணோக்கியில் பார்த்து, 'ஓரங்களில் நோய் இல்லை, புற்றுநோய் இல்லை' என்று கையெழுத்திட்ட நோய்க்கூறு மருத்துவர் அவர். அந்த அறிக்கை வரும் வரை அறுவை முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐயா அல்லது அம்மா, தாங்கள் யாராயினும் என் கைகூப்பிய வணக்கம்.

முதல் இரவு சிறுநீர்க் குழாயோடு கிடந்தபோதும், பின் சில வாரங்கள் வாயுவை அடக்க முடியாமல் தலைகுனிந்தபோதும், "இது நாளாக நாளாகச் சரியாயிருங்கய்யா" என்று முகம் சுளிக்காமல் பேசிய செவிலியர்களை மறவேன்.

அதே வாரங்களில் தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்திலுள்ள என் வயலில் மஞ்சள் வெட்டுக்கு நின்றது. பங்காளிகளும் மைத்துனர்களும் நான் கேட்காமலேயே வெட்டி, வேகவைத்து, காயவைத்து, விற்ற பணத்தைக் கணக்குச் சீட்டோடு கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார்கள். நாற்பது வருடம் சங்கக் கணக்கு எழுதிய எனக்கு, அந்தச் சீட்டைப் படித்தபோது எழுத்துகள் கண்ணீரில் கலங்கின.

சித்திரையில் நடந்த முதல் மறுபரிசோதனையில், கட்டி இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டுமே இருந்தது. இது மீண்டும் முளைக்கக்கூடியது என்பதால் மறுபரிசோதனைகள் தொடரும். ஒன்றையும் தவறவிட மாட்டேன் என்று அக்காள் மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் போவதைச் சொல்லக் கூசும் எவரும் என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். அவர்களோடு கோவைக்குப் பேருந்தில் நானே உடன் வருகிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலர்,
கோபிசெட்டிப்பாளையம் வட்டம்.