வாலை நேரா வரைஞ்சிட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல இங்கிலாந்து பீட்டர்பரோ பக்கம் செங்கலுக்கு களிமண் வெட்டுன குழியில கெடச்ச கடல் முதலை எலும்புக்கூடு பத்தி போட்டிருந்தீங்க, நான் ஒரு தடவ வாசிச்சேன், மூணாங்கிளாஸ் படிக்குற என் பேரன் அஞ்சாறு தடவ வாசிச்சிட்டான். 16 கோடி வருஷத்துக்கு முந்தின எலும்பு செங்கல் சூளைக்குப் போகாம தப்பிச்சுதே, அதுவே பெரிய காரியம்.

ஆனா கூட போட்ட படம் இருக்கே, அது நெய்யாறு டேம்ல கெடக்குற முதலையப் புடிச்சு கடல்ல விட்ட மாதிரி இருக்கு. நீங்க எழுதுன அந்தக் கடல் முதலை மெட்ரியோரிங்கஸ்ங்கிற வகை, அதுக்கு முதுகுல எலும்புத் தட்டே கெடயாது, நீங்க வரிவரியா அடுக்கி வெச்சிருக்கீங்க. காலு நாலும் துடுப்பா மாறிப்போச்சு, நீங்க நகம் வெச்ச பாதம் போட்டிருக்கீங்க. ஜெர்மனியில ஹோல்ஸ்மாடன்ல கெடச்சுதே டீலியோசார், அதுவும் கடல் முதலைதான், அதுக்கு தட்டு உண்டு, ரெண்டையும் போட்டு கொழப்பிட்டாங்களோ என்னவோ.

வால நேரா வரைஞ்சதுதான் எனக்கு பொறுக்கல. மெட்ரியோரிங்கஸுக்கு முதுகெலும்பு வால் நுனிக்கிட்ட கீழ்ப்பக்கமா வளைஞ்சு வால் துடுப்போட கீழ்ப்பாதிக்குள்ள போகும், மேல்பாதி வெறும் சதைதான். பேரனுக்கு சொன்னா புரியல, ஞாயித்துக்கெழமை குளச்சல் துறைமுகத்துக்கு கூட்டிட்டுப் போனேன், ஒரு சுறாவ வெட்டிட்டு இருந்தாங்க, வால வாங்கி பொளந்து காமிச்சேன், அதுல முள்ளு மேல்பாதிக்குள்ள ஏறிப்போகும். "அப்போ முதலைக்கு இது தலகீழா தாத்தா?"ன்னு கேட்டான் பாருங்க, அவ்வளவுதான் விஷயம்! வெட்டுனவருக்கு நாங்க என்ன பேசுறோம்னே வெளங்கல, வால் கறிக்கு ஆகாதுன்னு சும்மா தந்துட்டாரு.

இன்னொண்ணு, இப்ப இருக்குற உவர்நீர் முதலைக்கு இதுதான் பாட்டன்னு எழுதிட்டீங்க. இல்ல, அந்த வம்சம் வாரிசு இல்லாம அழிஞ்சே போச்சு. உப்ப வெளிய தள்ளுற சுரப்பி ரெண்டுக்கும் உண்டு, ஆனா இப்ப உள்ளதுக்கு நாக்குல, அந்தக்காலத்துதுக்கு கண்ணுக்கு முன்னால மூக்குப் பக்கம். முட்டையிட கரையேறுற ஆமை கண்ணீர் விடுதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கல்லா, அதுவும் இந்த உப்பு சமாச்சாரம்தான்.

எங்க மாவட்டத்துல இப்படி எலும்பு தேடி பிரயோஜனம் இல்ல, இங்க மலையெல்லாம் 50 கோடி வருஷத்துக்கும் மேல பழசான, சூட்டுல வெந்து இறுகுன பாறை. அரியலூருக்குப் போனா பழைய கடல் தரையே கெடக்கு, நத்தை மாதிரி சுருண்ட ஓடு உள்ள, அழிஞ்சுபோன கடல் பிராணி அம்மோனைட்டு பாக்கலாம், லீவுக்கு கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்து மாட்டிக்கிட்டேன்.

அடுத்த இதழ்ல படத்த திருத்திப் போடுங்க. பேரன் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கான், வேணும்னா அனுப்பி விடுறேன், வாலு சரியா இருக்கு, கலரு மட்டும் ரோஸ்.

இப்படிக்கு,
குளச்சல் வாசகர் ஒருத்தர்