கோங்க் கிராமத்தோடு ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் அங்கத்தவர் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடற்கரைக்குப் பேருந்து விட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதை ஒரு வருடமாவது நிறுத்தி, நாங்கள் வாழும் இந்தத் தென்மேற்குப் பிரான்சில் ஒரு சிறு கிராமத்தை எடுத்து ஆண்டு முழுக்கப் படிப்போம் என்று சென்ற பொதுக்கூட்டம் முடிவெடுத்தது. எதிர்த்துக் கையுயர்த்தியவர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் பின்னர் பேருந்தில் முன்வரிசைக்கு முதலில் பெயர் கொடுத்தவர்கள் என்பதையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். தெரிவான கிராமம், அவேரோன் மாவட்டத்திலுள்ள கோங்க்.

வழமையாக இந்த அறிக்கையில் கூட்டங்கள், வரவு, நன்றியுரை என்று எழுதுவோம். இந்தமுறை அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஊரைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். பயணத்துக்கு வரமுடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதும் அதுதான்.

ஊர் இருக்கும் இடம்

ரொதேஸ் நகரிலிருந்து வீதியால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே போனால் கோங்க். ஊஷ் என்ற சிற்றாறு தூர்தூ ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே, வெயில் படும் மலைச்சரிவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூர்தூ அங்கிருந்து வடக்கே ஓடி லொத் ஆற்றோடு கலக்கிறது. பள்ளத்தாக்கு குழிந்து கிடக்கும் விதத்தால், சிப்பியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே ஊருக்குப் பெயரானது என்பார்கள்.

சமநிலம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கீழ்த்தெருவில் இருந்து பார்த்தால் மூன்று மாடியாகத் தெரியும் வீடு, மேல்தெருவில் இருந்து பார்த்தால் ஒரு மாடி. கீழ்ப்பகுதி கல், மேலே மரச்சட்டம் கட்டி இடையில் பூச்சு. கூரைக்கு ஓடு இல்லை. ஏடு ஏடாகப் பிளக்கும் ஷிஸ்ட் என்ற சாம்பல்நிறக் கல்லையே மீன்செதில்போல் அடுக்கியிருக்கிறார்கள். ஊரின் பழைய மடத்துத் தேவாலயத்தில் அந்தச் சாம்பல் கல்லோடு செம்மணற்கல்லும் மஞ்சள் சுண்ணக்கல்லும் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கற்கள்தான். பெரிய யாத்திரைத் தேவாலயங்கள் நீளமாகக் கிடக்க, இதற்கு நீளப் படுக்க இடமில்லாமல் உயரமாக எழுந்து நிற்கிறது. உள்ளே நடுக்கூடத்தின் வளைகூரை ஏறத்தாழ 22 மீட்டர் உயரம்.

சுற்றிலும் தெரியும் பசுங்காட்டைப் பார்த்து, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று எங்களில் பலர் நினைத்தோம். அப்படியில்லை. அந்தச் சரிவுகளில் படிப்படியாக மேடை கட்டித் திராட்சை பயிரிட்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலொக்செரா பூச்சி பிரான்சு முழுவதும் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்றது. இங்கேயும் கொடிகள் போயின, பின்னர் ஆட்களும் போனார்கள், காடு ஏறிவிட்டது. திராட்சைத் தொழில் இன்று மிஞ்சியிருப்பது தெற்கே மார்சியாக் பக்கத்தில். மான்சுவா என்ற கருந்திராட்சையில் செய்யும் அந்த வைனுக்கு 1990இல்தான் பிறப்பிட உரிமை கிடைத்தது.

களவெடுத்த புனிதை

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்ற தனித்துறவி இங்கே வந்து தங்கினாராம். மற்றவர்கள் சேர, பெனடிக்ட் சபை மடமானது. 819இல் பேரரசர் பக்திமான் லூயி கொடுத்த சாசனத்தில் கோங்க் மடத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் வழிப்போக்கர் வந்துசேர மடத்தில் ஒரு புனிதரின் திருப்பண்டம், அதாவது அவருடைய உடலோ எலும்போ, வேண்டும். கோங்கில் அது இல்லை. அருகே ஃபிஜாக்கில் எழுந்த மடமோ போட்டிக்கு நின்றது.

ஆஜான் நகரில் இருந்தது புனித ஃபுவாவின் உடல். உரோமரின் கிறிஸ்தவத் துன்புறுத்தலில், 303இல், பன்னிரண்டு வயதில் கொல்லப்பட்ட சிறுமி என்பது மரபு. அரிவிஸ்குஸ் என்ற கோங்க் துறவி ஆஜானுக்குப் போய், அங்குள்ளவர்களோடு பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்து, நம்பிக்கை பெற்று, கல்லறைக்குக் காவலராகி, ஒரு நாள் உடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்கிறது கோங்கின் சொந்த வரலாறு. 866 அளவில் நடந்தது. ஒளித்து மறைக்காமல் மடத்தாரே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எங்கள் மார்கழிக் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒரு பிள்ளை எழும்பி, "களவெடுத்த சாமான் எப்படிப் புனிதமாகும்?" என்று கேட்டது. கூட்டம் அரைமணி நேரம் அதிலேயே நின்றது. அக்காலத்தவர் சொன்ன நியாயம் இது: புனிதர் இறந்தவர் அல்லர், திருப்பண்டத்தில் உயிரோடு இருப்பவர்; அவருக்கு வர விருப்பமில்லையென்றால் யாராலும் தூக்கமுடியாது; தூக்கமுடிந்தது என்றால் அவர் சம்மதித்துத்தான் வந்தார். அன்றைய ஐரோப்பாவில் இப்படித் தூக்கிவந்த புனிதர்கள் பலர் என்பதால் இதை ஒரு வழக்கமென்றே சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு இந்த நியாயம் பிடிக்கவில்லை. எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் களவு இல்லாவிட்டால் இன்று பார்க்க ஊரே இருந்திராது.

புனிதைக்கு மரத்தில் உடல் செய்து பொற்தகடு போர்த்தி, அரியணையில் இருத்தினார்கள். 85 சென்டிமீட்டர் உயரம். மேற்கு ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய திருப்பண்டச் சிலை இதுவென்பார்கள். உடலைவிடத் தலை பழையது. உரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பொன்முகம் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். யாத்திரிகர் காணிக்கையாகக் கொடுத்த கற்கள், செதுக்கிய மணிகள், நகைகள் நூற்றாண்டு நூற்றாண்டாக மேலே ஏறியிருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் அவளைக் கண்டதும் எங்கள் அம்மாமார் இருவர் கைகூப்பினார்கள். உற்சவமூர்த்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை; ஆபரணம் சுமக்கும் சிலை, ஊர்வலம், நேர்த்திக்கடன் எல்லாம் தெரிந்த சங்கதிகள்.

வடக்கிலிருந்து வந்த படிப்பாளி ஒருவருக்குத்தான் அது தெரியாத சங்கதியாக இருந்தது. ஆன்ஜேயைச் சேர்ந்த பெர்னார், 1013 அளவில் இங்கே வந்தபோது, அறிவுள்ளவர்கள் ஒரு சிலையின் முன் விழுந்து வேண்டுகிறார்களே என்று கூட வந்தவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். பிறகு மனம் மாறி, ஊரார் சொன்ன அற்புதங்களைத் தொகுத்து எழுதினார். அவற்றில் ஃபுவா குறும்புக்காரச் சிறுமியாகவே வருகிறாள். மோதிரமும் காப்பும் கேட்டுச் சீமாட்டிகளின் கனவில் போய் நிற்பாள். கொடுக்காதவர்களுக்குக் காய்ச்சல். கண் பிடுங்கப்பட்டவருக்குப் பார்வை, சிறையில் கிடப்பவருக்கு விடுதலை. விடுதலையானவர்கள் கொண்டுவந்து போட்ட சங்கிலிகளை உருக்கியே திருப்பலிப் பீடத்தைச் சுற்றிய இரும்புக் கிராதிகளை அடித்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

வாயிலின் மேல்

இப்போதிருக்கும் தேவாலயத்தை 11ஆம் நூற்றாண்டில் மடாதிபதி ஒதோல்ரிக் தொடக்கினார். மேற்கு வாயிலின் மேல் அரைவட்டத்தில், உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் வழங்கும் தீர்ப்பைக் காட்டும் பொதுத்தீர்வைச் சிற்பம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 124 உருவங்கள். வர்ணத்தின் நீலமும் சிவப்பும் இன்னும் அங்கங்கே ஒட்டியிருக்கின்றன. நடுவில் கிறிஸ்து, அவருக்கு வலப்புறம் மோட்சத்துக்குப் போகிறவர்கள், அவர்களில் பேரரசர் சார்லமான். தன் மடத்துக்குக் கொடுத்த வள்ளலென்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார் ஒரு மடாதிபதி. பேரரசர் கொஞ்சம் தயங்கினாற்போல் தெரிகிறது. அந்தப் பக்கத்திலேயே கீழே, கடவுளின் கைக்குமுன் ஃபுவா விழுந்து வணங்குகிறாள். அவளுக்குப் பின்னால் விடுதலையான கைதிகளின் கைவிலங்குகள் தொங்குகின்றன.

இடப்புறம் நரகம். கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன், குதிரையிலிருந்து தலைகீழாக விழும் படைவீரன், கள்ள நாணயம் அடித்தவன், தான் பிடித்த முயலாலேயே நெருப்பில் வாட்டப்படும் கள்ளவேட்டைக்காரன். கீழே இலத்தீனில் ஒரு வரி: பாவிகளே, நடத்தையை மாற்றாவிட்டால் கடுந்தீர்ப்பு காத்திருக்கிறதென்று அறிந்துகொள்ளுங்கள். வெளிவிளிம்பில் சின்னச் சின்ன முகங்கள், சுருளின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்க்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுத்த ஓவியப் போட்டியில் வந்த படங்கள் எல்லாமே நரகம் அல்லது எட்டிப்பார்ப்பவர்கள். மோட்சத்தை ஒருவரும் வரையவில்லை.

காத்ததும் பிரித்ததும்

எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது இதுதான். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் உருக்குவதற்குப் போயின. கோங்க்காரர் முந்திக்கொண்டார்கள். பொக்கிஷத்தைத் தங்களுக்குள் பிரித்து, வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்தார்கள். ஏழை ஊர், ஒரு துண்டுத் தகட்டை விற்றாலே சில வருடம் சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் ஆபத்து நீங்கியதும் பொருட்கள் திரும்பி வந்தன. பிரான்சின் பெரும் தேவாலயங்கள் பல வெறுங்கையாக நிற்க, இந்த மலைக்கிராமத்தில் பொக்கிஷம் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அதே ஊரார்தான், காவலில்லாமல் கிடந்த மடத்தின் முற்றத்துத் தூண்தாழ்வாரத்தைக் கல்லுக்காகப் பிரித்தெடுத்தவர்களும். மடாதிபதி மூன்றாம் பெகோன் 1100 அளவில் கட்டிய அந்தத் தாழ்வாரத்தில் இன்று மிஞ்சியவை சில வளைவுகளும், நடுவில் பச்சைநிற செர்ப்பென்டைன் கல் தொட்டியும்தான். பொன்னைக் காத்தவர்கள் கல்லை ஏன் விட்டார்கள்? எங்கள் மூத்த அங்கத்தவர் ஐயா ஒருவர் சொன்ன பதில் எனக்குச் சரியாகப் பட்டது: பொன்சிலை அவர்களுக்குச் சிலையல்ல, ஃபுவா, தாழ்வாரமோ துறவிகளின் சொத்து, துறவிகள் போய்விட்டார்கள். பழமை என்ற காரணத்துக்காக ஒன்றைக் காக்கும் வழக்கம் அப்போது ஊரில் இல்லை, பாரிசிலேயே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

அந்த வழக்கத்தைக் கோங்குக்குக் கொண்டுவந்தவர் ப்ரோஸ்பேர் மெரிமே. வரலாற்றுச் சின்னங்களின் தலைமைப் பரிசோதகராக 1837இல் வந்தவர், இப்படியொரு வனாந்தரத்தில் இவ்வளவு செல்வத்தை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினார். இடிந்து விழ இருந்த தேவாலயம் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. 1873இல் பிரெமோந்த்ரே சபைத் துறவிகள் குடியேறினார்கள். இன்றும் அவர்கள்தான் யாத்திரிகரை வரவேற்கிறார்கள். 1875இல் பீடப்பகுதிச் சுவருக்குள் இருந்து புனிதையின் திருப்பண்டப் பெட்டி வெளிப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் மோதிய சமயப் போர்க் காலத்தில் அதை ஒளித்திருக்க வேண்டும். ஒளிப்பதில் இந்த ஊருக்குப் பழைய பயிற்சி இருந்திருக்கிறது.

கண்ணாடிகள் பற்றிய சண்டை

பியேர் சூலாஜ் 1919இல் ரொதேசில் பிறந்த ஓவியர், கறுப்பு ஓவியங்களால் உலகப்புகழ் பெற்றவர், 2022இல் மறைந்தார். பள்ளிப்பருவத்தில் கோங்கைப் பார்த்ததே தன்னைக் கலைக்கு இழுத்தது என்று சொல்லிவந்தவர். 1986இல் அரசு கேட்டுக்கொள்ள, துலூசைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் ஜான்-தொமினிக் ஃப்ளரியோடு வேலைசெய்து, 1994இல் 104 சாளரங்களை முடித்தார். உருவமில்லை, வர்ணமில்லை. ஒளியை விட்டு வெளியை மறைக்கும் வெண்கண்ணாடி, அதில் வளைந்தோடும் கறுப்புக் கோடுகள். அதற்குமுன் இருந்தவை புனிதர்களின் வர்ணச் சாளரங்கள். எடுத்தபோது ஊரில் எதிர்ப்பு இருந்தது.

எங்களுக்குள்ளும் சண்டைதான். "சுகாதார நிலையத்துக் கண்ணாடி" என்றார் ஒரு அக்கா. மாலை மூன்று மணிக்கு அதே அக்கா, வெண்கண்ணாடி ஒருபக்கம் நீலமாகவும் மறுபக்கம் செம்மஞ்சளாகவும் மாறியதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஆனால் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவிக்கவில்லை, ஆதலால் குறிப்பேட்டில் அவரை எதிர்ப்பாளர் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். என் கருத்து சூலாஜுக்குச் சாதகம்: மூன்று நிறக் கல்லையும் காட்டுவது இந்த ஒளிதான்.

இன்றைய ஊர்

பழைய ஊரில் ஆண்டு முழுதும் வாழ்பவர்கள் முந்நூறுக்கும் குறைவு. 2016 ஜனவரியில் அயலிலுள்ள கிரான்-வாப்ர், நோயாக், தூர்தூக்கரை சேன்-சிப்ரியான் ஆகியவற்றோடு சேர்ந்து கோங்க்-ஆன்-ரூவேர்க் என்ற ஒரே ஊராட்சியானது. லு ப்யூயிலிருந்து ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சந்தியாகோ நோக்கி நடப்பவர்களின் பாதை ஊரின் நடுவால் போகிறது. தேவாலயமும், தூர்தூவின் பழைய பாலமும் அந்தப் பாதையின் பகுதிகளாக 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 12ஆம் நூற்றாண்டு யாத்திரைக் கையேடு, வாயிலின்முன் நல்ல ஊற்று உண்டென்கிறது. அது இன்னும் ஓடுகிறது. கோடையில் கடைகள் நிறைய, மாரியில் மூடிய யன்னல்கள் நிறைய. ஒக்டோபரில் புனித ஃபுவாவின் திருவிழா.

போக இருப்பவர்களுக்கு: வாகனம் ஊருக்கு வெளியே தரிப்பிடத்தோடு நின்றுவிடும். குழந்தை வண்டி கொண்டுபோகாதீர்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் பாலம் வரை இறங்கும் சார்லமான் தெருவைத் தவிர்க்கலாம். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் வருத்தம். இரவுச் செபத்துக்குப்பின் துறவி ஒருவர் வாயிற்சிற்பத்தை விளக்குவார், அதைத் தவறவிடவேண்டாம்.

சங்க விடயங்கள்

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆகஸ்டில் வழமைபோல் இல்லை. மே மாதப் பயணத்துக்குச் சமைத்துத் தந்த மகளிர் குழுவுக்கும், பிரெஞ்சு விளக்கங்களை மூத்தவர்களுக்கு உடனுக்குடன் தமிழில் சொன்ன இளையோருக்கும் நிர்வாகசபையின் நன்றி. செப்டெம்பர் மரபுரிமை நாட்களில் பிள்ளைகளின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பேருந்துச் செலவு பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்கவும்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு கிராமங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. ஒன்று, லார்சாக் மேட்டுநிலத்தில் மதில் சூழ்ந்த லா கூவெர்த்துவாராத், தெம்ப்ளியே வீரத்துறவிகளின் ஊர். மற்றது, கொம்பலூ மலைக் குகைகளில் செம்மறியாட்டுப்பால் சீஸ் முதிரவைக்கும் ரோக்ஃபோர். அந்தச் சீஸ் 1925இலேயே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சீஸ் வாசனை ஒத்துவராதவர்கள் எந்தப்பக்கம் வாக்களிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரகசிய வாக்கெடுப்புத்தான். சீட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. சந்தா கட்டியவர்கள் மட்டும் எடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்