உறுப்பினர் புகைப்படத் திட்டம்: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொன்விழாவுக்கான பெயர் அட்டையும் உறுப்பினர் டைரக்டரியும் முடிந்துவிட்டன. 612 பேரின் விவரம், 598 பேரின் படம். அச்சு, பைண்டிங், விநியோகம் எல்லாம் சொன்ன தேதியில் நடந்தன. பொதுக்குழு அனுமதித்தது ரூ.65,000, செலவானது ரூ.81,400. கூடுதல் ரூ.16,400 எங்கே போனது என்று பலர் கேட்டீர்கள், வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றுகூடப் பேச்சு வந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் வேலையை எடுத்தவருக்கு ரூ.10,000 முன்பணம் கொடுத்தோம். அவர் ஆக்சஸில் (விவரங்களைப் பட்டியலாகச் சேர்த்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஒரு ஃபைல் போட்டு, ஒவ்வொருவர் பதிவுக்குள்ளேயும் படத்தை ஒட்டிக்கொண்டே வந்தார். பெயரைத் தட்டினால் முகம் வரும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 57 பேர் முடிந்ததும் ஃபைல் அப்படியே நின்றுவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. 4000 x 3000 புள்ளி உள்ள செல்போன் படம் ஜேபெக்காக, அதாவது சுருக்கிச் சேமித்த ஃபைலாக, இருக்கும்வரை சில எம்பிதான், அதை அந்த முறையில் உள்ளே ஒட்டும்போது சுருக்கம் பிரிந்து, புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்பி ஆகிவிடுகிறது. ஆக்சஸ் ஃபைலுக்கு வரம்பே 2 ஜிபி. கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபது பேரைத் தாண்டாது.

எல்லாப் படத்தையும் 100 புள்ளி அகலத்துக்குக் குறைத்து உள்ளே போட்டுவிடலாம் என்றார் அவர். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 35 x 45 மி.மீ. படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவாக அச்சாக 413 x 531 புள்ளி வேண்டும். மாதிரிக்கு ஒரு அட்டை அடித்துப் பார்த்தோம். மூத்த உறுப்பினர் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி கருப்புப் படிக்கட்டு மாதிரி விழுந்திருந்தது, கண்ணே தெரியவில்லை. ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்க வருகிறவர் கழுத்தில் அதை மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் போனில் வாக்குவாதம், கடைசியில் முன்பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில் நிறுத்தியது சரியான முடிவு என்றே இப்போதும் சொல்வேன்.

அப்புறம் 1994 செட் தம்பி ஒருவர் ஒரு பைசா வாங்காமல் மொத்தத்தையும் திருப்பிச் செய்தார். படங்கள் தனி ஃபோல்டரில், டேபிளில் (விவரப் பட்டியலில்) ஃபைல் பெயர் மட்டும். அந்தப் பெயரும் உறுப்பினர் எண்தான், ஏனென்றால் நம்மில் செல்வராஜ் மட்டும் ஏழு பேர். அச்சடிக்கும்போது எண்ணைப் பார்த்துப் படம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மூலப்படத்தை வெட்டாமல் இன்னொரு ஃபோல்டரில் வைத்திருக்கிறோம், நாளைக்குப் பெரிய அளவில் கேட்டாலும் கொடுக்கலாம். டைரக்டரியில் படம் வேண்டாம் என்ற 9 பேருக்காக டேபிளில் தனிக் கட்டமும் உண்டு.

மீதி ரூ.6,400 போட்டோகிராஃபருக்கு. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த படங்கள் பல அச்சுக்கே ஆகவில்லை, வயதானவர்களை ஸ்டூடியோவுக்கு வரச்சொல்லவும் முடியாது. நான்கு நாள் வீடு வீடாகப் போனோம். 1971 செட் அக்கா ஒருவர் வீட்டில் பின்திரை இல்லாமல், பேரன்கள் இருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டரியில் ஆக நல்ல படம் அதுதான்.

இந்த ரூ.16,400இல் சங்கப் பணம் கிடையாது. 1978 செட் ரூ.5,000, தேரடி ஜவுளிக்கடை அண்ணாச்சி ரூ.4,000, நம் தமிழ் ஐயா தன் பென்ஷனிலிருந்து ரூ.3,000, சிங்கப்பூர் நண்பர்கள் ரூ.3,000, பள்ளி எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ரூ.1,400. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

படம் தராத 14 பேர் தயவுசெய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், உறுப்பினர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

செயலாளர்,
டைரக்டரிக் குழுவுக்காக