மாமிக்கும் வாசித்துக் காட்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில் விளக்கத் தொடங்கினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். “கதிர்வீச்சில் வேலை பார்க்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்” என்று கேட்டாராமே பக்கத்து வீட்டு மாமி, அவருக்கும் இதை வாசித்துக் காட்டு.

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் இருக்கிறது. அந்த மணலுக்காகவே மத்திய அரசின் ஆலை அங்கே நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதை மிதித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும்போது என் சட்டையில் ஒரு சிறு வில்லை குத்தியிருக்கிறேன். நான் வாங்கும் கதிர்வீச்சை அது பதிந்துவைக்கும். எங்களுக்கு உச்சவரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). என் கணக்கு அதற்கு வெகு கீழே நிற்கிறது. மாமிக்கு யார் வில்லை குத்தினார்கள்?

ஸ்கேனுக்காக நோயாளிக்கு ஊசியில் ஏற்றும் எங்கள் கதிரியக்க மருந்தைக் கடையில் வாங்கி அடுக்கிவைக்க முடியாது. ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம் 99 என்ற கதிரியக்கப் பொருள் விமானத்தில் வந்து இறங்கும். 66 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அதிலிருந்து தினமும் காலையில், ஊசிக்கு வேண்டிய டெக்னீசியத்தைக் கறந்தெடுக்கிறோம். ஆமாம், பசுவிடம் கறப்பதுபோலத்தான். அந்த டெக்னீசியமோ 6 மணி நேரத்தில் பாதி. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகளில்தான் இந்த மாலிப்டினம் தயாராகிறது. நெதர்லாந்திலோ தென்னாப்பிரிக்காவிலோ ஓர் உலை பழுதாகி நின்றால், ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியவரிடம் “அடுத்த வாரம் வாருங்கள்” என்று நான் சொல்ல நேரும். அதைவிடக் கசப்பான வேலை இங்கே இல்லை.

கசப்பு இல்லாவிட்டாலும் மனதை உறுத்துகிற வேலை ஒன்று உண்டு. ஊசி போட்ட பிறகு கதிர்வீச்சு வருவது நோயாளியின் உடம்பிலிருந்துதான். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் நமக்கு வருவது கால் பங்காகக் குறையும். ஆகவே பேச வேண்டியதையெல்லாம் ஊசிக்கு முன்பே பேசிவிட வேண்டும். சமீபத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாட்டி எலும்பு ஸ்கேனுக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்: மருந்து எலும்பில் சேர மூன்று மணி நேரமாகும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கேமராவின் கீழே அசையக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊசி ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, கொஞ்சம் இருந்து கதைத்துவிட்டுப் போ” என்றார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுக் கதவருகே போய் நின்றேன். அங்கிருந்தே, அவருக்குக் காது மந்தம் என்பதால் கத்திக் கத்தி, அவர் வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பற்றி விசாரித்தேன். அணில் எத்தனை பழத்தைக் கொறித்தது என்பது வரை தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கவில்லை என்றே நம்புகிறேன்.

சிங்களம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. முதலில் பிடிபட்டது “ஹெல்லென்ன எபா”, அதாவது அசையாதீர்கள். நாள் முழுக்க அதைத்தானே சொல்கிறேன்!

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. புட்டு, இடியப்பம், ஆப்பம், தேங்காய் எல்லாம் நம் ஊர்போலவே. இங்கே விலையைக் கேட்டால்தான் நெஞ்சு திக்கென்கிறது. நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்த பிறகு ஆறுதல் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்கிறது, பழகிவிட்டது.

சித்திக்கும் எலும்பு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள் என்றாயே. பட்டினி கிடக்க வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். கேமராவின் கீழே படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடச் சொல். அன்று ஒரு நாள் மட்டும் பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். சித்தி கோபித்துக்கொள்வார், நான் சொன்னதாகவே சொல், திட்டு எனக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்