இறைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: ஆய்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக்குழுவினருக்கும் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்க் கல்குழியில் ஆலைக்கழிவைக் கொட்டலாம் என்ற உங்கள் அறிக்கையைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாசித்தார்கள். "அடியில் இருப்பது நீர் புகாத பாறை" என்ற ஒரு வரியில்தான் மொத்த அறிக்கையும் நிற்கிறது. அந்த வரிக்கு ஆதாரம், ஆய்வகத்தில் அளந்த சாண் நீளக் கல் துண்டுகள்.

துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அடுக்கிய கோர் பெட்டிகளை நாங்களும் பார்த்தோம். முழுசாக வந்த துண்டுகள் மட்டும் ஆய்வகத்துக்குப் போயின. நொறுங்கி வந்தவை பெட்டியிலேயே கிடந்தன. அவற்றின் உடைந்த முகங்களில் துருநிறக் கறை, தண்ணீர் ஓடிய தடம். ஓடும் வழியை ஒதுக்கிவிட்டு வழியே இல்லாத கல்லை அளந்தால் வேறென்ன விடை வரும்?

புவி இயற்பியலாளர் கிறிஸ்டோஃப் கிளவுசர் 1992-இல் கருங்கல் போன்ற படிகப் பாறைகளின் அளவுகளைத் தொகுத்தபோது, ஆய்வகத் துண்டில் கிடைத்ததைவிட ஆழ்துளையில் ஊடுருவுதிறன், அதாவது நீரைத் தன் வழியே விடும் தன்மை, சராசரியாக ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடியிருந்தது. அளக்கும் பாறை பெரிதானால் ஒன்றோடொன்று சேர்ந்த வெடிப்புகளும் கணக்குக்குள் வந்துவிடும். ஒரு வெடிப்பின் அகலம் இரட்டித்தால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்கு. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

போன கோடையில் கிழக்குத் தோட்டத்தில் ரிக் வண்டி போர் போட்டது. கம்ப்ரசர் காற்று மூன்று தோட்டம் தள்ளியிருந்த பழைய போர்வெல் வாயில் சீறிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக் குழாயில் இரண்டு நாள் சாம்பல் நிறக் கலங்கல்தான். அதே தோட்டத்தில் பத்தடி தள்ளிப் போட்ட இன்னொரு போரில் வெறும் புழுதி. காற்று போன வழியில் கழிவுநீர் போகாதா?

ஆகவே, குழியருகே ஒரு போரில் மூன்று நாளாவது விடாமல் இறையுங்கள். சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். எங்கள் கிணறுகளைத் திறந்துவிடத் தயார்.

செலவாகும் என்றார்கள். சரி, வெடிப்புக்குள் இறங்கிய ரசாயனத்தை மண்போல வெட்டி எடுக்க முடியாதே, அந்தச் செலவு யாருடையது? தமிழ்நாட்டில் முக்கால்வாசி நிலம் கடினப்பாறைதான். இங்கேயே பாறையை இப்படிக் கல் துண்டில் அளந்து முடித்தால் நாங்கள் எங்கே போய்ச் சொல்வது? குடிதண்ணீர் விஷயம், குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறைப்புச் சோதனை முடிந்து, அதன் அளவுகள் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படும்வரை அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் விவசாயிகள் சார்பில் ஒருவர்