ஒப்பாரிக்கு அவசரம் இல்லை

நாட்டுப்புறப் பாட்டை மேடையேற்றும் இளைய இசைக்குழுக்களுக்கு,

வணக்கம். போன வருஷம் ஒரு கல்லூரி விழாவில் என் சின்னப்பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டேன். தன் அண்ணன் செத்த அன்றைக்கு அவர் பாடியது. உங்களில் ஒரு குழு வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் பதிவுசெய்து போயிருந்தது. மேடையில் அது நாலு நிமிஷப் பாட்டாகியிருந்தது. ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், நடுவில் கூட்டத்தைக் கைதட்டச் சொல்ல ஓர் இடம். 'கூடப் பொறந்த பொறப்பே' என்ற இடத்தில் பாட்டி குரல் உடைந்து, மூச்சு வாங்கி, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவார். அந்த இடத்தில்தான் பீட் ஏறியது. பிள்ளைகள் ஆடினார்கள். பாட்டியின் பெயரை யாரும் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் சண்டை போட இதை எழுதவில்லை. ஓர் ஆல்பத்தை நீங்கள் கேட்க வேண்டும், அதற்காகத்தான்.

டப்ளின் நகரத்தில் லங்கம் என்று நான்கு பேர் கொண்ட குழு இருக்கிறது. இயன் லின்ச், டாரா லின்ச் என்ற சகோதரர்கள், ரேடி பீட், கோர்மக் மக் டியர்மடா. 2023-இல் 'ஃபால்ஸ் லங்கம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். பெரும்பாலும் பழைய பாட்டுகள்தான். முதல் பாட்டு 'கோ டிக் மை கிரேவ்'. காதலில் ஏமாந்து உயிரை விட்ட ஒரு பெண், தன் குழியை அகலமாய் ஆழமாய்த் தோண்டச் சொல்கிறாள். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி ஜீன் ரிச்சி பாடக் கேட்டு ரேடி பீட் எடுத்துக்கொண்ட பாட்டு. கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம். தொடக்கத்தில் ரேடியின் குரல் ஒன்றுதான். எந்த நெளிவும் இல்லாமல், காய்ந்த கட்டை மாதிரி. அப்புறம் அடியில் ஒரு கார்வை, விடாமல் நீளும் ஒரே சுரம், மெல்லப் பரவுகிறது. பாதி தாண்டியதும் பாட்டு நின்றுபோகிறது, கார்வை மட்டும் கனத்துக்கொண்டே போகிறது. தூரத்தில் எதையோ இடிப்பதுபோல் ஓர் அடி, மறுபடி ஓர் அடி. அயர்லாந்தில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுது பாடும் 'கீனிங்' என்ற வழக்கம் இருந்தது. அந்தப் பிற்பாதி அதிலிருந்து வந்தது என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். நம் ஒப்பாரிதான் அது, வேறு ஊரில். முதல் தடவை கேட்டபோது எங்கள் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த பெஞ்சு கண்ணில் வந்து நின்றது.

அந்தக் கார்வையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இயன் வாசிக்கும் இலன் பைப் என்ற கருவியில், முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கி அமுக்கிக் காற்றடைப்பார்கள். பாட்டுக்கு ஒரு குழல், சுருதிக்கென்றே தனியாக மூன்று குழல்கள். நம்மிடம் ஒத்து இருந்தது. நாதசுரக்காரர் பக்கத்தில் ஒருவர் கன்னம் உப்ப, மூச்சு விடாமல், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் ஊதுவார். இப்போது பல இடங்களில் அந்த வேலையை சுருதிப்பெட்டி பார்க்கிறது. 'ஒத்து ஊதுகிறான்' என்பதை வசையாகவே ஆக்கிவிட்டோம். அந்த ஒரு சுரம் கீழே நிலைத்து நின்றால்தான் மேலே அழுகிற குரல் எங்கே வழுக்குகிறது, எங்கே இறங்குகிறது என்பது காதில் விழும். ட்ரம்ஸ் அந்த வழுக்கலைத்தான் முதலில் மூடுகிறது.

இப்படிப் பாடினால் யார் கேட்பார்கள் என்பீர்கள். பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் வருஷத்தின் சிறந்ததற்குத் தரும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் 2023-இல் இந்த ஆல்பம் இருந்தது. அதற்கு முந்தைய 2019 ஆல்பத்தில், மதுக்கடைகளில் எல்லாரும் கைதட்டிப் பாடுகிற 'தி வைல்ட் ரோவர்' பாட்டைப் பத்து நிமிஷத்துக்கு இழுத்தார்கள். குடித்தே அழிந்தவனின் பாட்டு அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, பெயர். லங்கம் என்பதே ஜான் ரைலி பாடிய ஒரு கதைப்பாட்டில் வரும் கொலைகாரனின் பெயர். ரைலி, அயர்லாந்தில் ஊர் ஊராய்ப் போய்ப் பிழைத்த டிராவலர் சமூகத்துப் பாடகர். டாம் மன்னெலி என்ற சேகரிப்பாளர் அவர் குரலைப் பதிவுசெய்தார். 1969-இல் ரைலி வறுமையிலேயே இறந்தார். அவர் பாட்டிலிருந்து எடுத்த பெயரைத்தான் இந்தக் குழு இன்றைக்கும் சுமக்கிறது.

நீங்கள் லங்கம் மாதிரி வாசிக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு இன்னொரு தடவை வாருங்கள். சின்னப்பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பதிவுசெய்தது பாதிதான். மீதியை அவர் பாடுவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ஒரு சுருதிப்பெட்டி மட்டும் கொண்டு வாருங்கள். சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் பாடுவார்.