உள்ளலையா, ஃப்ரன்ட்டா?

காசிமேடு, சென்னை

அன்புள்ள முருகா,

கடிதம் வந்தது. பேத்தி பிறந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை, படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.

உன் தெர்மிஸ்டர் செயின் (ஆழத்துக்கு ஆழம் வெப்பமானி கட்டிக் கடலில் நிறுத்தும் கயிறு) வரைபடம் பார்த்தேன். வெப்பநிலை துள்ளுவதை உள்ளலை, அதாவது கடலுக்குள் நீரடுக்குகளில் ஓடும் அலை, என்று எழுதிவிட்டாய். அவசரப்படாதே. ஃப்ரன்ட், அதாவது இரண்டு வகைத் தண்ணீர் முட்டும் எல்லை, செயினைக் கடந்து நகர்ந்தாலும் இதே படம்தான் வரும். பிரித்துச் சொல்வது உப்பு. உள்ளலை இருக்கும் தண்ணீரைத்தான் மேலும் கீழும் ஆட்டும். வெப்பநிலைக்கு எதிரே உப்பைப் போட்டால் புள்ளிகள் பழைய கோட்டிலேயே விழும். ஃப்ரன்ட் கடந்தால் தண்ணீரே வேறு, கோடும் வேறு. இரண்டு மூன்று ஆழத்திலாவது உப்பு அளக்கும் கருவி கட்டு. நம் கடலில் வெப்பநிலையை மட்டும் நம்பக் கூடாது. தென்மேற்குப் பருவமழைக்குப் பின் வடக்கிலிருந்து ஆற்று நீர் கரையோரமாக இறங்குகிறது. குளிர்காலத்தில் மேலே உப்புக் குறைந்த குளிர்ந்த நீர், அடியில் சூடான உப்பு நீர் என்று தலைகீழாகவும் அமையும். அங்கே தண்ணீர் மேலேறினால் செயின் சூடு காட்டும். நீ இறங்கியதாகக் கணக்கெழுதுவாய்.

எண்ணூருக்கு வெளியே நுரைக்கோடு தெரிந்தாலும் இதே குழப்பம்தான். ஃப்ரன்ட் பெரும்பாலும் ஒற்றைக் கோடு, உள்ளலை வரிவரியாக வரும்.

அடுத்து, பதிவிலிருந்து வேண்டிய அலைகளை மட்டும் பிரிக்க நீ போட்ட ஃபில்டர். 13 டிகிரி அட்சரேகையில் புவிச்சுழற்சி தரும் அலைக்காலம் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) சுமார் 53 மணி. அதைவிட மெதுவான உள்ளலை கிடையாது என்பது ஓட்டமில்லாத கடலுக்குத்தான். ஃப்ரன்ட்டை ஒட்டி ஓட்டம் இருக்கும். அது போகும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் அந்த வரம்பு தளரும். தெற்கே போகும் நம் ஓட்டத்துக்கு அது கரைப்பக்கம். 50 கி.மீ.க்குள் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் குறைந்தாலே 53 மணி சுமார் 63 ஆகிவிடும். அடர்த்திக் கோடுகள் (ஒரே அடர்த்தியுள்ள நீரை இணைப்பவை) சாய்ந்திருந்தால் இன்னும் நீளும். இவ்வளவு மெதுவான அலைக்கு வெளியே வழியில்லை. அங்கேயே மாட்டி, ஆழத்தில் ஒடுங்கி, உடைந்து தண்ணீரைக் கலக்கும். நீ வைத்த 48–56 மணிப் பட்டை அதைத்தான் வெட்டி எறிகிறது.

53-ஐயும் 63-ஐயும் பிரிக்கக் குறைந்தது 14 நாள் டேட்டா வேண்டும். பத்து நாளில் செயினைத் தூக்கிவிடாதே. பதிவு நிமிடத்துக்கு ஒன்று. ஆழத்தோடு அடர்த்தி சட்டென மாறும் இடத்தில் உள்ளலையின் அலைக்காலம் ஐந்து நிமிடம் வரை இறங்கும். முக்கியமாக, செயின் தலையில் பிரஷர் சென்சார் வை. ஓட்டம் செயினைச் சாய்த்தால் எல்லாச் சென்சாரும் ஒன்றாகக் கீழே போகும், அதுவும் அலை போலவே தெரியும்.

உப்புப் பதிவு ஏதாவது இருந்தால் அனுப்பு, போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
சேகர்